வீட்டு இணையத் தொலைபேசி: சொந்த மோடம் மாட்டும் முன் அறிய வேண்டியவை

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன், வீட்டில் வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று ஆன்லைனில் நல்ல மோடம் ஒன்றை வாங்குகிறார். உள்ளூர் கேபிள்காரரை அழைத்துப் பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார். இணையம் வேகமாக ஓடுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவர் திரும்பிப் போய் ஒரு வாரம் கழித்து, உம்மா ஹாலில் இருக்கும் போனை எடுத்தால் டயல் டோன் இல்லை. இத்தனை நாளும் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் எதுவும் ஒலிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. அந்த நாட்களில் உறவினர் வீட்டு மவுத்துச் செய்தி வந்திருக்கலாம். மருத்துவமனையிலிருந்து யாரேனும் அழைத்திருக்கலாம்.

புதிய மோடம் பழுதில்லை. கேபிள்காரரும் ஏமாற்றவில்லை. வீட்டு எண்ணுக்குரிய விவரங்கள் பழைய பெட்டியில் இருந்தன. அவை புதிய பெட்டியில் ஏற்றப்படவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

செல்போன் பயன்படுத்தத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீடுகளிலும், ஊர் முழுக்க ஒரே எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் பள்ளிவாசல், மதரஸா அலுவலகங்களிலும் லேண்ட்லைன் இன்னும் தேவையாகவே இருக்கிறது. அந்த லேண்ட்லைன் இப்போது பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே வருகிறது. நிறுவனம் தராத சாதனத்தை நாமே வாங்கி அதில் இணைக்க விரும்பினால் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

செம்புக் கம்பியும் ஃபைபரும்

பழைய லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் வீடு வரை வந்தன. போன் இயங்கத் தேவையான மின்சாரமும் (ஏறத்தாழ 48 வோல்ட்) அதே கம்பியில் வந்தது. அதனால்தான் ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் மட்டும் பேசியது. எண் அந்தக் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. எந்தப் போனை மாட்டினாலும் அதே எண்தான்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி மட்டுமே செல்லும், மின்சாரம் செல்லாது. வீட்டுக்குள் இருக்கும் ஃபைபர் மோடம்தான் ஒளியை இணையமாக மாற்றுகிறது. நமது குரலைச் சிறு சிறு தரவுத் துண்டுகளாக்கி அனுப்புவதும் அதுவே. மோடத்தின் பின்புறம் போன் படம் அல்லது டெல் என்ற எழுத்துடன் இருக்கும் சிறிய துளையில்தான் நமது பழைய போன் சொருகப்படுகிறது.

எண் எங்கே இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: இணையத் தொலைபேசியில் எண் கம்பியிலும் இல்லை, போனிலும் இல்லை. அது ஒரு கணக்கில் இருக்கிறது. மின்னஞ்சலுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருப்பது போல, வீட்டு எண்ணுக்கும் பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனத்தின் சர்வர் முகவரி ஆகிய மூன்றும் உண்டு. எஸ்ஐபி என்னும் முறைப்படி மோடம் இவற்றைக் காட்டி, "இந்த எண் இப்போது இங்கே இருக்கிறது" என்று சர்வரில் பதிவு செய்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் அந்தப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. பதிவு நின்றுவிட்டால் உங்களை எங்கே தேடுவது என்று சர்வருக்குத் தெரியாது. அழைப்பவருக்கோ நீங்கள் போனை எடுக்காதது போலவோ, தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பது போலவோ தோன்றும்.

எனவே கடையில் நாம் கேட்கும் "இந்த மோடத்தில் போன் வேலை செய்யுமா?" என்ற கேள்வி போதாது. "என் எண்ணின் விவரங்களை இந்தப் பெட்டியில் ஏற்றித் தருவீர்களா?" என்று இணைப்பு தரும் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் காசை எடுக்க வேண்டும்.

சொந்தச் சாதனத்துக்கு மூன்று வழிகள்

முதல் வழி: நிறுவனத்தின் மோடம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதிலிருந்து ஒரு லேன் கேபிள் எடுத்து நமது ரூட்டரில் சொருகுகிறோம். வீட்டு வைஃபை நமது ரூட்டரிலிருந்து கிடைக்கும். போன் பழையபடி நிறுவனத்தின் மோடத்திலேயே இருக்கும். வைஃபை குறைதான் பிரச்சினை என்றால் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு இதுவே போதும். ரூட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் முறையில் வைத்தால் சிக்கல் இன்னும் குறையும். நிறுவனத்தின் அனுமதியோ எண்ணின் கடவுச்சொல்லோ தேவையில்லை. தொடக்கத்தில் சொன்ன மகன் இதைச் செய்திருந்தால் உம்மாவின் போன் ஒரு நாளும் நின்றிருக்காது.

இரண்டாம் வழி: போன் துளையுள்ள ஃபைபர் மோடத்தையே சொந்தமாக வாங்குவது. பிஎஸ்என்எல் பாரத் ஃபைபர் இணைப்பைப் பல ஊர்களில் உள்ளூர் கூட்டாளிகள் வழங்குகிறார்கள். அங்கே மோடத்தைச் சொந்தமாக வாங்கி வைத்திருப்போர் பலர். ஆனால் இங்கே மூன்று பொருத்தங்கள் பார்க்க வேண்டும். ஜீபான், ஈபான் என்று ஃபைபரில் இரு முறைகள் உண்டு. உங்கள் பகுதியில் எது இருக்கிறதோ, மோடம் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டும் செய்யும் மோடங்களும் கிடைக்கின்றன. அடுத்து, மோடத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணையோ மேக் முகவரியையோ எக்ஸ்சேஞ்ச் பக்கம் பதிவு செய்ய வேண்டும். கடைசியாக, குரலுக்கான எஸ்ஐபி விவரங்களைத் தனியாக ஏற்ற வேண்டும். முதல் இரண்டும் முடிந்தாலே இணையம் வந்துவிடும். அதனால் வேலை முடிந்தது என்று எண்ணி எல்லோரும் எழுந்துவிடுகிறோம். மூன்றாவது விடுபடுவது இப்படித்தான்.

மூன்றாம் வழி: எஸ்ஐபி விவரங்களைக் கையில் வாங்கி, வேறொரு தனிச் சாதனத்தில் இடுவது. பழைய போனையே பயன்படுத்த விரும்பினால் ஏடிஏ எனப்படும் சிறிய அடாப்டர் வேண்டும். கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் எச்டி801 ஒரு போனுக்கானது. எச்டி802 இரண்டு போன்களுக்கானது. லேன் கேபிளை நேரடியாகச் சொருகும் ஐபி போன்களும் உண்டு. செல்போனிலேயே எஸ்ஐபி செயலி நிறுவிக்கொள்வதும் இதே வகைதான். மதரஸா, அலுவலகம் போன்ற இடங்களில் மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் தனித்தனி போன் வேண்டுமானால் இந்த வழி உதவும். ஆனால் பெரிய தனியார் ஃபைபர் நிறுவனங்கள் பொதுவாக இந்த விவரங்களை வாடிக்கையாளருக்குத் தருவதில்லை. தங்கள் மோடத்திலோ தங்கள் செயலியிலோ மட்டுமே எண்ணை இயங்க விடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் முதல் வழிதான் உங்களுக்கு உரியது.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

நிறுவனத்திடமோ உள்ளூர் கூட்டாளியிடமோ இவற்றைக் கேட்டு, முடிந்தால் எழுத்தில் அல்லது வாட்ஸ்அப் செய்தியாகப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்:

1. வெளியில் வாங்கிய மோடத்தை அனுமதிப்பீர்களா? எந்த மாடல்களில் குரல் சேவை இயங்கி வருகிறது?
2. எஸ்ஐபி விவரங்களை நீங்களே ஏற்றித் தருவீர்களா, எனக்குத் தருவீர்களா? அதற்குக் கட்டணம் உண்டா?
3. மோடம் பழுதானால் மாற்று மோடம் கிடைக்கும் வரை எண்ணின் நிலை என்ன?
4. பழைய செம்புக் கம்பி எண்ணையே ஃபைபரில் தொடர முடியுமா?
5. உங்கள் மோடத்தைத் திருப்பித் தந்தால் வாடகை நிற்குமா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா? ஒப்படைத்ததற்கு ரசீது தருவீர்களா?

வாங்கும் பொருளிலும் கவனம் வேண்டும். பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அடாப்டர்களில் சில, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சேவைக்கு மட்டுமே பூட்டப்பட்டவை. வேறு கணக்கை அவை ஏற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் ரூட்டரின் பிளக் நமது சுவரில் பொருந்தாமல் போகலாம். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவு அச்சாக அதே அளவாகவும், ஆம்பியர் அளவு குறையாமலும் இருக்க வேண்டும். 12 வோல்ட் சாதனத்துக்கு 9 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் அது விட்டுவிட்டு இயங்கி நம்மைக் குழப்பும்.

அடிக்கடி வரும் கோளாறுகளும் காரணங்களும்

டயல் டோன் இல்லை: மோடத்தில் போன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பெரும்பாலும் எண் பதிவாகவில்லை. விவரங்கள் ஏற்றப்படவில்லை அல்லது கடவுச்சொல் தவறு. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரே துண்டாகியிருக்கிறது அல்லது மிகவும் மடங்கியிருக்கிறது. அப்போது மோடத்தைக் குறைசொல்வதில் பயனில்லை. மோடத்தின் பக்கத்தில் ஒளி அளவைக் காண முடிந்தால், அது -27 டிபிஎம் என்ற எல்லையை நெருங்கியிருந்தால் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேண்ட்லைனுக்குப் போகிறது, செல்போனுக்குப் போகவில்லை: 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆக 11 இலக்கங்கள். சொந்த அடாப்டரில் டயல் விதி 10 இலக்கத்தோடு நின்றுவிட்டால் கடைசி எண்ணை அழுத்தும் முன்பே அழைப்பு கிளம்பித் தவறிவிடும்.

ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிறது: மோடத்துக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர், அதற்குப் பின்னால் அடாப்டர் என்று இரண்டு கதவுகள் இருக்கும்போது, குரல் திரும்பி வரும் வழி தவறிவிடுகிறது. பல ரூட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பு உண்டு. உதவுவதற்காக வைக்கப்பட்ட அது பல நேரங்களில் கெடுக்கிறது. அதை நிறுத்திப் பாருங்கள்.

ஏறத்தாழ அரை நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடுகிறது: இதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்த கோளாறு. அழைப்பை ஏற்றதற்கான உறுதிச் செய்தி வந்து சேராவிட்டால், எஸ்ஐபி முறைப்படி 32 வினாடிகள் பார்த்துவிட்டு இணைப்பு துண்டிக்கப்படும்.

குரல் வெட்டி வெட்டி வருகிறது: ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 90 கிலோபிட் வேகமே போதும். எனவே இணைய வேகம் போதவில்லை என்று விலை கூடிய பிளானுக்கு மாறுவது தீர்வாகாது. வீட்டில் யாரோ பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். குரல் துண்டுகள் வரிசையில் காத்து நிற்கும். ஒரு பக்கம் செல்லும் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். ரூட்டரில் கியூஓஎஸ் என்ற இடத்தில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். அடாப்டரை வைஃபை வழியாக அல்லாமல் கேபிள் வழியாக இணையுங்கள்.

வங்கிக்குப் போன் செய்து 1 அழுத்தினால் ஏற்கவில்லை: டிடிஎம்எஃப் அமைப்பை ஆர்எஃப்சி 2833 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

கரண்ட் போனால் போனும் போகும்

செம்புக் கம்பிக் காலத்தின் பழக்கத்தில், "கரண்ட் இல்லாவிட்டாலும் வீட்டுப் போன் இருக்கிறதே" என்று பலரும் இன்னும் நம்பியிருக்கிறார்கள். ஃபைபரில் அது இல்லை. மோடம் அணைந்தால் போனும் அணையும். தனி அடாப்டரும் தனி ரூட்டரும் வைத்திருந்தால் மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்று நின்றாலும் போன் இல்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மோடம் இருக்கும் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். இல்லையென்றால் ரூட்டருக்கான சிறிய யுபிஎஸ் வாங்கலாம். கணக்கு எளிது: 10 வாட் இழுக்கும் மோடத்துக்கு 40 வாட்-மணி பேட்டரி என்றால் காகிதத்தில் 4 மணி நேரம், நடைமுறையில் 3 மணி நேரம் என்று வையுங்கள். புயல் மழைக் காலத்தில் இதுவும் போதாமல் போகும். எனவே வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு சாதாரண பட்டன் செல்போனும் சார்ஜுடன் இருக்கட்டும். 112, 108 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழிதி அருகே ஒட்டி வையுங்கள்.

கடவுச்சொல் ஓர் அமானிதம்

எஸ்ஐபி விவரங்கள் யார் கையில் கிடைத்தாலும் அவர் உங்கள் எண்ணிலிருந்து பேச முடியும். வெளிநாட்டுக்கு விலை கூடிய அழைப்புகள் போய், பில் உங்கள் பெயரில் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, உங்கள் எண்ணிலிருந்து ஒருவர் இன்னொருவரை மிரட்டினாலோ ஏமாற்றினாலோ விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். எனவே மோடத்தின் ஆரம்பக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வெளியிலிருந்து மோடத்தைத் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியை மூடி வையுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் ஐஎஸ்டி வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். எஸ்ஐபி விவரங்களைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். பழைய மோடத்தை விற்கும்போதும் கொடுக்கும்போதும் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இணைய வழித் தொலைபேசிக்கு இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு உரிமதாரர்களுக்குத் தெளிவான வழி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பிஎஸ்என்எல் "விங்ஸ்" என்ற பெயரில், செல்போன் செயலி வழியாகப் பேசும் சேவையை அறிமுகப்படுத்தியது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் எண்ணை நமது வீட்டில் நமது சாதனத்தில் பயன்படுத்துவது ஒன்று. இணையத்தில் வரும் வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் சிம் கார்டுகள் வழியாக மாற்றிவிடுவது முற்றிலும் வேறொன்று; அது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச். "ஒரு பெட்டியை உங்கள் வீட்டு மாடியில் வைக்கிறோம், கரண்டும் வைஃபையும் கொடுத்தால் மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று யாராவது வந்தால், அது பெரும்பாலும் சிம் பாக்ஸ்தான். இத்தகைய வழக்குகளில் வீடு கொடுத்தவரும் விசாரணைக்குப் போகிறார். வாடகை வருமானம் என்று ஏமாற வேண்டாம்.

ஊர் எண்ணை வளைகுடாவுக்குக் கொண்டுபோக நினைப்போரும் நிதானிக்க வேண்டும். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் நிபந்தனைகளுக்கு உட்பட்ட இணைய அழைப்புச் செயலிகள் மீதான தடையை நீக்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகளுக்கு மட்டுமே இணைய அழைப்பு வசதி. அங்கே விபிஎன் மூலம் முகவரியை மறைத்துக் குற்றம் புரிவோருக்கு 2021-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. சில ரூபாய் மிச்சத்துக்காக வேலையையும் விசாவையும் பணயம் வைப்பது அறிவுடைமை அல்ல. ஊரில் உள்ள எண் ஊரிலேயே ஒலிக்கட்டும். பேசுவதற்கு அங்கே அனுமதிக்கப்பட்ட வழியைப் பயன்படுத்துங்கள்.

நிறுவனத்தின் பெட்டி யாருடையது?

இந்தக் கேள்விக்கு மார்க்கத்தில் தெளிவான இடம் இருக்கிறது. மாத வாடகைக்குத் தரப்பட்ட மோடம், ஃபிக்ஹு மொழியில் இஜாரா பொருள். அது வாடகைக்கு எடுத்தவர் கையில் அமானிதம். இயல்பாகப் பயன்படுத்தும்போது, நமது தவறின்றி அது கெட்டுப்போனால் நாம் பொறுப்பாளி அல்ல. வரம்பு மீறியோ கவனக்குறைவாலோ கெட்டால் பொறுப்பு நம்முடையது. வாடகை இல்லாமல் இரவலாகத் தரப்பட்டிருந்தால் சட்டம் சற்று வேறு. ஹனஃபி மத்ஹபில் இரவல் பொருளும் அமானிதமே. ஷாஃபிஈ மத்ஹபிலோ, அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டால் தேய்ந்ததைத் தவிர மற்ற வகையில் கெட்டுப்போனால் இரவல் வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும்.

ஆகவே நிறுவனத்தின் மோடத்தை உடைத்து, அதில் பூட்டியிருக்கும் கடவுச்சொல்லை உள்ளூர் இளைஞர் ஒருவரை வைத்து எடுப்பதும், அதன் மென்பொருளை மாற்றுவதும் வரம்பு மீறலில் அடங்கும். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. விண்ணப்பத்தில் நாம் இட்ட கையெழுத்தும் ஓர் ஒப்பந்தம்தான். இணைப்பைத் துண்டித்த பின் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு மறந்துவிடுவோர் நம்மில் அதிகம். அது பிறர் பொருள். திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முன்பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் அதைக் கேட்டுப் பெறுவதும் உங்கள் உரிமை.

மாறாக, விதிகள் அனுமதிக்கும் இடத்தில் சொந்தச் சாதனம் வாங்குவதில் எந்தத் தடையும் இல்லை. வாடகை மிச்சமாகும், வைஃபை மேம்படும் என்றால் அது நல்ல நிர்வாகமே.

மாட்டி முடித்தபின் ஐந்து நிமிடங்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும், வந்தவரை அனுப்பும் முன் அவர் முன்னாலேயே இவற்றைச் செய்யுங்கள். செல்போனிலிருந்து வீட்டு எண்ணுக்கு அழையுங்கள். வீட்டுப் போனிலிருந்து 0 சேர்த்து ஒரு செல்போனை அழைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் இருபக்கமும் பேசுங்கள். மோடத்தை அணைத்துப் போட்டு, எண் தானாகத் திரும்பப் பதிவாகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை வெளியிலிருந்து அழைத்துப் பாருங்கள்; சில கோளாறுகள் இரவு கழிந்த பின்தான் தெரியும். அதன் பிறகு வாரம் ஒருமுறையாவது, உம்மாவின் செல்போனுக்கு அழைக்கும் பிள்ளைகள் அந்த வீட்டு எண்ணுக்கும் அழைக்கட்டும். லைன் சோதித்ததாகவும் இருக்கும்; பெற்றோரிடம் கூடுதலாக இரண்டு வார்த்தை பேசியதாகவும் இருக்கும்.

உறவுகளைச் சேர்த்து வாழ இந்த வசதிகளை நமக்கு வசப்படுத்தித் தந்த அல்லாஹ், அவற்றை நேர்மையாகப் பயன்படுத்தும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.